டிஜிட்டல் மாடலில் பல் அகலம் காலிப்பர் அளவோடு ஒத்துப்போகவில்லை, எதை நம்புவது?

முதுநிலை_மாணவி

வணக்கம். ஆய்வேட்டுக்காக 20 பிளாஸ்டர் மாடல்களை எடுத்து முதலில் டிஜிட்டல் காலிப்பரால் அளந்தேன். அப்புறம் அதே மாடல்களை மேசை ஸ்கேனரில் ஸ்கேன் செய்து, மென்பொருளில் இரண்டு இரண்டு புள்ளியாகக் குத்தி அளந்தேன். அளந்தவை: முதல் கடைவாய்ப்பல் முதல் மறுபக்க முதல் கடைவாய்ப்பல் வரை எல்லாப் பற்களின் மீசியோடிஸ்டல் அகலம் (பல்வரிசையின் போக்கில் ஒரு பல்லின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை), கோரைப்பற்களுக்கு இடையிலான அகலம், கடைவாய்ப்பற்களுக்கு இடையிலான அகலம்.

பிரச்சினை இதுதான். டிஜிட்டல் அளவு பெரும்பாலான பற்களில் காலிப்பரைவிட 0.1, சில இடங்களில் 0.2 மிமீ கூடுதலாக வருகிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை என்று தோன்றும், ஆனால் ஒரு மாடலில் மேல்தாடையின் 12 பற்களையும் கூட்டினால் 1.4 மிமீ வித்தியாசம். கோரைப்பல் இடை அகலம் நன்றாக ஒத்துப்போகிறது. கடைவாய்ப்பல் இடை அகலம் பெரும்பாலும் ஒத்துப்போகிறது, மூன்று மாடல்களில் மட்டும் 1 மிமீக்கு மேல் விலகுகிறது. இதில் எனக்குப் புரியாதது, போல்டன் விகிதம் (கீழ்ப் பற்களின் மொத்த அகலத்தை மேல் பற்களின் மொத்த அகலத்தால் வகுத்து வரும் சதவீதம்) இரண்டு முறையிலும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகிறது. அகலம் தப்பு, விகிதம் சரி, அது எப்படி? வழிகாட்டி எந்த அளவு சரி என்று கேட்கிறார், என்னிடம் பதில் இல்லை.

காலிப்பர்காரர்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் அம்மா, காலிப்பர்தான் உண்மை, மற்றதெல்லாம் அதோடு ஒப்பிடப்பட வேண்டியது என்ற எண்ணத்தோடு தொடங்காதீர்கள். நான் பல வருடம் காலிப்பரோடு வாழ்ந்தவன், அதன் குறைகள் எனக்குத் தெரியும். முனையை நன்றாகத் தேய்த்துக் கூராக்காத காலிப்பர் நெருக்கமான பற்களின் இடுக்கில் நுழையாது. நுழையாவிட்டால் பல்லின் அதிகபட்ச அகலம் இருக்கும் இடத்தைத் தொடாமல் கன்னப் பக்கமாகச் சற்று வெளியே, பல் குறுகத் தொடங்கும் இடத்தில் நின்றுவிடும். அளவு குறைவாக வரும். நெரிசலான கீழ் வெட்டுப்பற்களில் இது கண்கூடு. அதுபோக ஒரே பிளாஸ்டரைத் திரும்பத் திரும்ப அளந்தால் தொடுபுள்ளி தேய்ந்து போகும், இரண்டாவது முறை அளப்பது முதல் முறை அளந்த அதே மாடல் அல்ல.

உங்களிடம் கேட்க வேண்டியவை: புள்ளிகளை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக் குத்தினீர்கள்? மேலிருந்து மட்டுமா, கன்னப் பக்கத்திலிருந்தும் திருப்பிப் பார்த்தீர்களா? அக்லூசல் தளத்தை, அதாவது பற்கள் கடிக்கும் தளத்தை, முதலில் நிர்ணயித்தீர்களா? திரும்பியிருக்கும் பல்லில் உடற்கூற்றுத் தொடுபுள்ளிகளை எடுத்தீர்களா, அல்லது பக்கத்துப் பல்லைத் தொடும் இடத்தை எடுத்தீர்களா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். திரும்பிய பல் பக்கத்துப் பல்லைத் தன் கன்னப் பரப்பாலோ நாக்குப் பக்கத்தாலோ தொட்டுக்கொண்டிருக்கலாம், அது அளக்க வேண்டிய இடம் அல்ல. வரிசையில் ஒழுங்காக இருந்திருந்தால் எங்கே தொட்டிருக்குமோ அதுதான் வேண்டியது.

முக்கோணவலை

பல் மருத்துவர் இல்லை நான், முப்பரிமாண ஸ்கேன் தரவோடு வேலை செய்கிறவன். காலிப்பர்காரர் கேட்ட "எந்தப் பக்கத்திலிருந்து" என்பதில்தான் உங்கள் 1.4 மிமீயில் பாதி இருக்கும் என்று நினைக்கிறேன்.

மென்பொருளில் இரண்டு புள்ளி குத்தினால் அது தருவது முப்பரிமாணத்தில் நேர்கோட்டுத் தூரம். மேலிருந்து பார்க்கும்போது இரண்டு புள்ளியும் சரியான இடத்தில் இருப்பதாகத்தான் தெரியும், ஆனால் ஒன்று ஈறு பக்கம் இறங்கியும் மற்றொன்று கடிக்கும் விளிம்பு பக்கம் ஏறியும் இருக்கலாம். அந்த உயர வித்தியாசமும் அகலத்தில் சேர்ந்துவிடும். 8.5 மிமீ அகலமுள்ள பல்லில் 1 மிமீ உயர வித்தியாசம் இருந்தால் திரையில் 8.56 வரும். 2 மிமீ இருந்தால் 8.73. சிறிய பல்லில் அடி பலமாக விழும், 5 மிமீ கீழ் வெட்டுப்பல் அதே 1 மிமீக்கு 5.1 ஆகிவிடும். இந்தப் பிழை எப்போதும் கூட்டும், ஒருபோதும் குறைக்காது. பல தடவை அளந்து சராசரி எடுத்தாலும் கரையாது. உங்கள் டிஜிட்டல் அளவு பெரும்பாலும் ஒரே பக்கமாகக் கூடுவதற்கு இது பொருந்துகிறது.

இன்னொன்று, திரைக் காட்சி பெர்ஸ்பெக்டிவ் முறையில் (தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரியும் காட்சி) இருந்தால் உடனே ஆர்த்தோகிராஃபிக்குக்கு (எல்லாவற்றையும் ஒரே நேர்த்திசையில் காட்டுவது) மாற்றுங்கள். பெர்ஸ்பெக்டிவில் திரையின் ஓரத்தில் இருக்கும் பல்லைச் சாய்வாகத்தான் பார்க்கிறீர்கள், நேராகப் பார்ப்பது போலத் தோன்றும் அவ்வளவுதான்.

அப்புறம் பற்களின் இடுக்கு. ஸ்கேனருக்குத் தெரியாத இடம் எதுவோ அதை மென்பொருள் முக்கோணங்களால் இட்டு நிரப்பும். இரண்டு பற்கள் இறுக்கமாகத் தொடும் இடத்தில் இரண்டுக்கும் நடுவில் பிரிவே இல்லாமல் அந்த முக்கோண வலை (மெஷ்) ஒன்றாக ஒட்டியிருக்கும். அங்கே நீங்கள் முதல் பல்லின் பின்புள்ளியைச் சற்று அந்தப் பக்கமும், அடுத்த பல்லின் முன்புள்ளியைச் சற்று இந்தப் பக்கமும் வைத்தால் நடுவில் இருக்கும் அந்தச் சிறு துண்டு இரண்டு பற்களின் கணக்கிலும் ஏறிவிடும்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. நேராக, இடைவெளி இல்லாமல் நிற்கும் இரண்டு முன்கடைவாய்ப்பற்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதன் முன் தொடுபுள்ளியிலிருந்து இரண்டாவதன் பின் தொடுபுள்ளி வரை ஒரே அளவாக எடுங்கள். தனித்தனி அகலங்களின் கூட்டுத்தொகை அதைவிட 0.3 கூடுதலாக வந்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஸ்கேனைச் சேமிக்கும் எஸ்டிஎல் ஃபைலில் அலகு என்று எதுவும் எழுதப்படுவதில்லை, வெறும் எண்கள்தான். மிமீ என்று மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. அங்குலமாக எடுத்துக்கொண்டால் 25.4 மடங்கு தப்பாகும், அதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஆனால் ஸ்கேனர் அளவுத்திருத்தம் அரை சதவீதம் விலகியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அளவு தெரிந்த ஒரு உலோகக் கட்டையையும் ஒரு முறை ஸ்கேன் செய்து பாருங்கள்.

முதுநிலை_மாணவி

சார், பெர்ஸ்பெக்டிவில்தான் இருந்தது. இப்போது திறந்து பார்த்தேன். மேலிருந்து மட்டுமே குத்தியிருக்கிறேன், பக்கவாட்டில் திருப்பினால் பல பற்களில் புள்ளிகள் ஒரு மிமீ போல ஏறி இறங்கி நிற்கின்றன. அக்லூசல் தளத்தை நிர்ணயிக்கவே இல்லை. அளவுத்திருத்தத்தில் பிரச்சினை இருக்காது என்று நினைக்கிறேன், அப்படி இருந்தால் கோரைப்பல் இடை அகலமும் விலகியிருக்க வேண்டும் இல்லையா?

விலகிய அந்த மூன்று மாடல்களையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் முதல் கடைவாய்ப்பல்லின் முன்கன்ன முனை தேய்ந்து தட்டையாக இருக்கிறது.

முக்கோணவலை

கோரைப்பல் இடை அகலத்தை வைத்து நீங்கள் சொன்ன காரணம் சரி. அளவுத்திருத்தம் தப்பென்றால் எல்லாமே ஒரே விகிதத்தில் விலகும். 35 மிமீ தூரத்தில் அரை சதவீதம் என்றால் 0.17 மிமீ, அது தெரிந்திருக்கும். கட்டையையும் ஸ்கேன் செய்துவிடுங்கள், ஆய்வேட்டில் எழுத ஒரு வரி கிடைக்கும்.

காலிப்பர்காரர்

தேய்ந்த முனைக்கு விதி ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். தேய்ந்த பரப்பின் நடுவை முனை என்று எடுப்பது வழக்கம். அல்லது முனையை விட்டுவிட்டு நடுக்குழியிலிருந்து நடுக்குழிக்கு அளக்கலாம், குழி அவ்வளவு சீக்கிரம் தேயாது, ஆனால் நிரப்பிய பல்லில் குழி எங்கே என்று தேட வேண்டியிருக்கும். இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுங்கள், எல்லா மாடலுக்கும், இரண்டு முறைக்கும் அதே. முனையிலிருந்து முனைக்கு வரும் அகலமும் குழியிலிருந்து குழிக்கு வரும் அகலமும் பல மிமீ வேறுபடும் என்பதால், எதை அளந்தோம் என்று எழுதாமல் வெறும் "கடைவாய்ப்பல் இடை அகலம்" என்று மட்டும் போட்டால் படிக்கிறவருக்குப் பயன் இல்லை. இப்படி எழுதியவற்றைப் படித்து நான் நிறைய நேரம் இழந்திருக்கிறேன், அதனால் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எண்கணக்கு

போல்டன் ஏன் அசையவில்லை என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, எனக்கு இந்த இழையில் பிடித்ததே அதுதான். கணக்காகப் போட்டுக் காட்டுகிறேன்.

பாடப்புத்தக அகலங்களை எடுப்போம். மேல்தாடையில் ஒரு பக்கம் 8.5, 6.5, 7.5, 7, 7, 10. கூட்டினால் 46.5, இரண்டு பக்கமும் 93. கீழே 5, 5.5, 7, 7, 7, 11, ஒரு பக்கம் 42.5, மொத்தம் 85. விகிதம் 85ஐ 93ஆல் வகுத்தால் 91.4 சதவீதம். 1958ல் போல்டன் சிறந்த கடிநிலை உள்ள 55 மாடல்களில் கண்ட சராசரி 91.3, திட்டவிலக்கம் 1.91.

இப்போது ஒவ்வொரு பல்லிலும் 0.1 மிமீ கூடுதலாக அளந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே 94.2, கீழே 86.2. விகிதம் 91.5. அவ்வளவுதான்! மேலும் கீழும் ஒரே மாதிரி தப்பினால் வகுக்கும்போது பெரும்பாலும் அடிபட்டுப் போகிறது. ஸ்கேனர் முழுதாகவே ஒரு சதவீதம் பெரிதாகக் காட்டினாலும் விகிதம் துளியும் மாறாது.

ஆனால் பற்களுக்கு வேண்டிய இடம் தாடையில் இருக்கிறதா என்று இட அளவைக் கணக்கிடும்போது இந்த மன்னிப்பு கிடையாது. கீழ்தாடையில் முதல் கடைவாய்ப்பல்லுக்கு முன்னால் உள்ள 10 பற்கள், மேலே சொன்ன அகலங்களின்படி 63 மிமீ. அதே 0.1 தப்போடு 64. பல்வளைவில் இருக்கும் இடம் 59 என்றால், 4 மிமீ நெரிசல் 5 மிமீ ஆகிவிட்டது. பல் எடுப்பதா வேண்டாமா என்று எல்லைக்கோட்டில் நிற்கும் ஒருவருக்கு அந்த 1 மிமீ தேவையில்லாமல் பல் எடுக்கும் பக்கம் தள்ளிவிடக்கூடும். அதனால் டாக்டர், "போல்டன் ஒத்துப்போகிறது, ஆகவே டிஜிட்டல் முறை நம்பகமானது" என்று மட்டும் முடிவுரையில் எழுதிவிடாதீர்கள். போல்டன் ஒத்துப்போவது உங்கள் அகலங்கள் சரி என்பதற்குச் சாட்சி அல்ல.

இதற்கு மறுபக்கமும் உண்டு, மேல்தாடை மட்டும் 1 மிமீ தப்பினால் 85ஐ 94ஆல் வகுக்க 90.4 வரும், அதாவது அரைத் திட்டவிலக்கம் நகர்ந்துவிடும். மேல்தாடையை ஒரு நாளும் கீழ்தாடையை வேறொரு நாளும் வேறு பழக்கத்தோடு அளந்தால் இப்படி ஆகலாம்.

லேப்மேசை

நான் மாடல் ஊற்றுகிற ஆள். யாராவது "பிளாஸ்டர் விரிந்திருக்கும்" என்று சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகை ஸ்டோன் (மாடல் ஊற்றும் கடினமான பிளாஸ்டர்) இறுகும்போது விரிவது அதிகபட்சம் 0.2 சதவீதம். 93 மிமீக்கு அது 0.19. அதுவும் இங்கே பொருந்தாது, இவர் ஸ்கேன் செய்தது அதே பிளாஸ்டரைத்தான், விரிந்திருந்தால் இரண்டு அளவிலும் விரிந்தேதான் இருக்கும்.

நேரடியாக வாயில் எடுத்த ஸ்கேனோடு பிளாஸ்டரை ஒப்பிட்டால் கதை வேறு. வாயில் அச்செடுக்கும் ஆல்ஜினேட் நீரை விட்டால் சுருங்கும், நீரில் கிடந்தால் உப்பும், ஊற்றத் தாமதித்தால் மாடலின் அளவே மாறிவிடும். வாய் ஸ்கேனருக்கும் அதன் பங்கு உண்டு. அது சின்னச் சின்னப் படங்களாக எடுத்து ஒன்றோடொன்று தைத்துக்கொண்டே போகிறது, ஒவ்வொரு தையலிலும் சிறு பிழை சேர்ந்து வளைவின் கடைசியில் பெரிதாகிவிடும். ஒரு பல்லின் அகலத்தில் அது தெரியாது, இடது கடைவாய்ப்பல்லிலிருந்து வலது கடைவாய்ப்பல் வரை அளந்தால் தெரியும். கீழ் முன்பற்கள் குறுகலாக, ஒரே மாதிரி வழவழப்பாக இருப்பதால் அந்த இடத்தில்தான் தையல் நழுவும், எச்சில் தேங்கினால் இன்னும் மோசம். எந்த வரிசையில் ஸ்கேன் செய்ய வேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்வதை மாற்றாமல் செய்யுங்கள்.

விரைவுவழி

இவ்வளவு பாடு எதற்கு? இப்போது பற்களைத் தானே பிரித்து அகலம், வளைவு, போல்டன் எல்லாம் ஒரு நிமிடத்தில் தரும் மென்பொருள்கள் இருக்கின்றனவே. ஒரே மாடலைப் பத்து முறை கொடுத்தாலும் ஒரே எண். மனிதக் கை நடுக்கமே இல்லை.

காலிப்பர்காரர்

பத்து முறையும் ஒரே எண் வருவது நல்லதுதான், ஆனால் பத்து முறையும் ஒரே தப்பு என்றாலும் ஒரே எண்தான் வரும். தானியங்கிப் பிரிப்பு ஒவ்வொரு பல்லுக்கும் மீசியோடிஸ்டல் அச்சு ஒன்றைத் தானே முடிவு செய்து அந்தத் திசையில் அதிகபட்ச அகலத்தை எடுக்கிறது. ஒழுங்கான பல்லில் சரியாக இருக்கும். 40 டிகிரி திரும்பிய முன்கடைவாய்ப்பல்லில் அந்த அச்சு எங்கே பார்க்கிறது என்று திறந்து பாருங்கள், சில சமயம் கன்னம் நாக்குத் திசையை நோக்கிப் பாதி வழி போயிருக்கும். முன்கடைவாய்ப்பல் அந்தத் திசையில் அகலமானது என்பதால் எண் பெரிதாகிவிடும். இடுக்கில் முக்கோணவலை சொன்ன அந்த ஒட்டிய இடத்தை எங்கே வெட்டுவது என்பதையும் மென்பொருள் ஊகிக்கத்தான் செய்கிறது.

நான் தானியங்கியைப் பயன்படுத்துகிறேன், எதிர்க்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பல்லின் எல்லைக்கோட்டையும் அச்சையும் கண்ணால் பார்த்துத் திருத்திய பிறகுதான் எண்ணை எடுக்கிறேன். அந்தத் திருத்தத்துக்கு ஐந்து நிமிடம் ஆகும், அதைச் சேமிக்க வேண்டாம்.

வளைவுக்கோடு

வளைவு நீளத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. இட அளவுக்கு அதுதான் மறுபாதி. வளைவை நான்கு நேர்த் துண்டுகளாகப் பிரித்து அளப்பது ஒரு முறை, தொடுபுள்ளிகள் வழியாக ஒரு வளைகோட்டை ஓடவிட்டு அதன் நீளத்தை எடுப்பது இன்னொன்று. நேர்த் துண்டுகள் வளைகோட்டைவிடக் குறைவாகத்தான் வரும், வில்லைவிட நாண் குட்டை என்பது போல. வளைகோட்டிலும் நாலாம்படிச் சமன்பாடா, ஸ்பிளைனா (புள்ளிகள் வழியே வழுவழுப்பாக ஓடும் கோடு), கேட்டினரியா (தொங்கும் சங்கிலியின் வளைவு) என்பதைப் பொறுத்து நீளம் மாறும். வெளியே தள்ளி நிற்கும் கோரைப்பல்லைச் சேர்த்துக்கொண்டு ஸ்பிளைன் ஓடினால் வளைவு செயற்கையாக நீண்டுவிடும், நெரிசல் குறைந்தது போலத் தெரியும். இது மிகவும் ஆபத்தான தப்பு, ஏனென்றால் எந்த நோயாளிக்கு நெரிசல் அதிகமோ அவருக்குத்தான் இது அதிகமாக நடக்கும்.

கீழ் முன்பற்களின் ஒழுங்கின்மையை ஒரே எண்ணாகச் சொல்லும் லிட்டிலின் குறியீட்டிலும் கவனம் வேண்டும். 1975ல் அவர் சொன்னது, ஆறு கீழ் முன்பற்களுக்கு இடையே உள்ள ஐந்து தொடுபுள்ளி விலகல்களைக் கிடைமட்டமாக அளந்து கூட்டுவது. ஒரு பல் மேலே ஏறி நிற்கும் உயர விலகல் அதில் சேராது. காலிப்பரை அக்லூசல் தளத்துக்கு இணையாகப் பிடித்ததால் அது தானாகவே நடந்தது. மென்பொருளில் இரண்டு புள்ளிக்கு நேர்த் தூரம் எடுத்தால் உயரமும் சேர்ந்துவிடும், எனவே தளத்தின் மேல் படிய வைத்த தூரத்தை எடுங்கள்.

முதுநிலை_மாணவி

கலப்புப் பல் பருவத்தினரின் (பால்பற்களும் நிலைப்பற்களும் சேர்ந்திருக்கும் வயதினர்) மாடல்களும் அடுத்த கட்டத்தில் இருக்கின்றன. அங்கே முளைக்காத பற்களின் அகலத்தை டனாகா ஜான்ஸ்டன் முறையில் கணிக்கிறோம். அதில் பிழை குறைவாக இருக்கும் அல்லவா, நான்கு பற்கள்தானே அளக்கிறோம்?

எண்கணக்கு

குறைவு இல்லை, ஒளிந்திருக்கும். 1974ல் வந்த அந்தச் சூத்திரப்படி கீழ் வெட்டுப்பற்கள் நான்கின் கூட்டுத்தொகையில் பாதியோடு 10.5 கூட்டினால் கீழே ஒரு பக்கத்துக் கோரைப்பல், இரண்டு முன்கடைவாய்ப்பற்களின் அகலம், 11 கூட்டினால் மேலே. வெட்டுப்பற்கள் 21 என்றால் கீழே ஒரு பக்கம் 21. நான்கு பல்லிலும் 0.1 கூடினால் 21.4, பாதி 10.7, ஒரு பக்கம் 21.2. இரண்டு பக்கமும் சேர்த்து 0.4, வெட்டுப்பற்களின் சொந்தப் பிழை 0.4, ஆக 0.8 மிமீ. பத்துப் பல்லையும் நேராக அளந்தபோது வந்த 1 மிமீக்கு அது ரொம்பத் தூரம் இல்லை. தவிரவும் அது கணிப்பு, உண்மைப் பல் அந்த எண்ணிலிருந்து விலகும் என்பது வேறு.

புள்ளியியலில் ஒன்று. இரண்டு முறைகளை ஒப்பிடும்போது தொடர்புக் கெழு 0.98 என்று போட்டு முடிக்காதீர்கள். எல்லா அளவும் 2 மிமீ கூடினாலும் தொடர்பு அப்படியே இருக்கும். 1986ல் பிளாண்டும் ஆல்ட்மனும் சொன்ன முறையில் வித்தியாசத்தைச் சராசரிக்கு எதிராக வரைந்து பாருங்கள், ஒரு பக்கச் சாய்வு இருந்தால் உடனே தெரியும். உங்கள் சொந்தப் பிழைக்கு டால்பெர்க் சூத்திரம்: இருமுறை அளந்த வித்தியாசங்களை வர்க்கப்படுத்திக் கூட்டி, மாடல் எண்ணிக்கையின் இரண்டு மடங்கால் வகுத்து, வர்க்கமூலம். அது சாய்வையும் கை நடுக்கத்தையும் கலந்து ஒரே எண்ணாகத் தரும், எனவே சாய்வைத் தனியாகவும் சோதியுங்கள்.

முதுநிலை_மாணவி

அந்த 1.4 மிமீ மாடலை மட்டும் முதலிலிருந்து அளந்தேன். அக்லூசல் தளம் வைத்து, ஆர்த்தோகிராஃபிக் காட்சியில், ஒவ்வொரு புள்ளியையும் மேலிருந்தும் கன்னப் பக்கத்திலிருந்தும் சரிபார்த்து. வித்தியாசம் 0.6 ஆகிவிட்டது. முன்கடைவாய்ப்பற்களில் அந்த ஒற்றை அளவுச் சோதனையும் செய்தேன், இரண்டு பக்கமும் துண்டு இரண்டு முறை எண்ணப்பட்டிருந்தது. அதைத் திருத்திய பிறகு 0.3. தேய்ந்த கடைவாய்ப்பற்களில் பரப்பின் நடுவை எடுத்ததும் அந்த மூன்று மாடல்களும் மற்றவற்றோடு சேர்ந்துவிட்டன.

மீதி 0.3ஐ என்ன செய்வது? காலிப்பர் குறைவாகக் காட்டுகிறது என்று எழுதலாமா?

முக்கோணவலை

கணக்கும் ஒத்துப்போகிறது. மேலே கொடுத்த பாடப்புத்தக அகலங்களில் 12 பல்லிலும் 1 மிமீ உயர வித்தியாசம் இருந்தால் மொத்தம் ஏறக்குறைய 0.8 மிமீ கூடும். நீங்கள் தளம் வைத்ததும் 1.4 மிமீ 0.6 ஆனதில் குறைந்த அளவும் அதே 0.8தான்.

காலிப்பர்காரர்

எழுத வேண்டாம் அம்மா, இன்னும் நிரூபிக்கவில்லையே. 0.3 என்று அப்படியே பதிவு செய்யுங்கள், 12 பல்லுக்குப் பகிர்ந்தால் ஒரு பல்லுக்கு 0.025. எந்த அளவைக் கொண்டும் அதை ஒரு பக்கம் என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு மாடலில் கண்டது வேறு. 20 மாடலையும் இந்தப் புது விதியோடு மறுபடி அளக்க வேண்டும், பழைய எண்களில் திருத்தம் போட்டுச் சரிக்கட்டக் கூடாது. இரண்டு வாரம் கழித்து அதில் பத்தையாவது, முந்தைய எண்ணைப் பார்க்காமல் திரும்ப அளங்கள். டிஜிட்டல் அளவை முதலில் முடியுங்கள், பிளாஸ்டர் மேலும் தேயாமல் இருக்கட்டும்.

முதுநிலை_மாணவி

சரி சார். விதிகளை ஒரு தாளில் எழுதி ஸ்கேனர் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். நாளை முதல் மாடலிலிருந்து தொடங்குகிறேன், பிளாண்ட் ஆல்ட்மன் வரைபடம் வந்ததும் இங்கே போடுகிறேன்.